கிளெக்கின் வெள்ளிக்கிழமை விஸ்கி

இங்கிலாந்தின் ஹெப்பிள்டன் ஊரில் வயதான ஆண்பிள்ளை எவனை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். "கெனி கிளெக்குக்கு நான் ஒரு விஸ்கி வாங்கிக் குடுத்திருக்கேன், தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்துவான். ரயில்வே பப்பில், சன்னலோரத்தில், தோளோடு தோள் இடித்து நின்றானாம். கிளெக் சிரித்தானாம். "உடம்பப் பாத்துக்க"ன்னு சொன்னானாம். பாதிப் பேர் புளுகுகிறார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுதான் இல்லை. எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வயிற்றெரிச்சலே அதுதான். அத்தனை விஸ்கியையும் ஊற்றிக் கொடுத்தவள் எட்னா ஹாவொர்த். அவளை மட்டும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

எட்னா பதினாலு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். ஆயிரம் தறி ஒரே கூரையின் கீழ் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பெண்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரசவம், எந்த மேஸ்திரி எவளைப் பார்த்து இளித்தான், எல்லாம் உதட்டிலேயே ஓடும். பிறகு சிரில் ஹாவொர்த்தைக் கட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு எதிரே ரயில்வே பப்பின் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். வாசல் நிலைக்கு மேலே லைசென்ஸ்காரர் என்று சிரில் பெயர் இருந்தது. உள்ளே வேலையெல்லாம் எட்னா. சிரில் நல்ல மனுஷன்தான். ஆனால் பப்பை நடத்த விட்டிருந்த பீர்க் கம்பெனியின் ஆள் வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியையும் இன்னொரு தடவை துடைப்பான். அவ்வளவு பயம்.

கிளெக் முதன்முதலில் அந்தப் பப்புக்குள் வந்தது தற்செயல். அறுபத்தொன்றாம் வருஷம், ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, மழை ஊற்றித் தள்ளுகிறது. பயிற்சி முடிந்து அவன் வீட்டுக்குப் போன பஸ், ரயில் ஸ்டேஷன் வாசலில் படுத்துவிட்டது. எங்கள் ஊர்க் கால்பந்து அணியான டவுனின் சென்டர் ஃபார்வர்ட் பஸ்ஸில் போவானா என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் எல்லாரும் பஸ்தான். ஆலைக்காரன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போன வாரம் கோட்டை விட்ட கோலுக்காக முகத்துக்கு நேரே திட்டு வாங்கிக்கொண்டே போவார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது. பப் கப்சிப். டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள்.

கரி வண்டிக்காரன் வால்ட்டர்தான் முதலில் வாயைத் திறந்தான். பீப்பாய் மாதிரி நெஞ்சு, அதற்குள் குழந்தை மனசு. பெற்ற பெண்ணின் பிறந்தநாளை மறப்பான், டவுன் அணி எந்த வருஷம் யாரிடம் தோற்றது என்பதை மறக்கமாட்டான்.

"ஏய் எட்னா கண்ணு! என்ன பாத்துக்கிட்டு நிக்குற? புள்ள நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிக்குறான். ஒரு விஸ்கி ஊத்து, என் கணக்குல."

"ஐயோ வேணாங்க. நாளைக்கு ஆட்டம் இருக்கு" என்றான் கிளெக்.

"நான் வாங்கித் தரேன்னு சொன்னேன் தம்பி."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒருவன் வாங்கித் தருகிற குவளையை வேண்டாம் என்று சொல்வது, அவன் நீட்டிய கையில் எச்சில் துப்புவதற்குச் சமம். கிளெக்கும் அதே ஊர்ப் பிள்ளை, அவன் அம்மாவும் தறிக்காரி. வாங்கிக் குடித்தான். மறுநாள் மூன்று கோல் போட்டான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அது தெரியாதவர்களா நாங்கள்? தெரியும். ஆனால் பந்தாட்டம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊருக்குப் புத்தி பின்னால் நடந்து வரும். அடுத்த வெள்ளிக்கிழமை வால்ட்டர் கரி வண்டியோடு கிளெக்கின் வீட்டு வாசலுக்கே போய்விட்டான். "வா, ஒண்ணே ஒண்ணு. ராசிக்கு." கிளெக்குக்கும் ராசியில் நம்பிக்கை உண்டு. இடது காலுக்குத்தான் முதலில் பூட்ஸ் போடுவான். வந்தான், குடித்தான், மறுநாளும் ஜெயித்தார்கள். பிறகு அது சட்டமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கிளெக் ரயில்வே பப்பில் ஒரு விஸ்கி குடித்தால்தான் சனிக்கிழமை வெற்றி. அணியின் மேனேஜருக்குத் தெரியாதா என்றால், தெரியும். கோல் விழுகிறவரை அவருக்கு வெள்ளிக்கிழமையானால் கண் மங்கிவிடும்.

ஒன்றோடு நின்றிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்? ராசியில் ஆளுக்கொரு பங்கு வேண்டாமா! வால்ட்டர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்தான், நான் வாங்கிக் கொடுத்ததைக் குடிக்கமாட்டானா என்று ரயில்வே போர்ட்டர் கேட்டான். இறைச்சிக் கடைக்காரன் கேட்டான். பெரிய சர்ச்சில் மணியடிக்கிறவன் கூடக் கேட்டான். கிளெக் தன் பையில் கை விட்டால், "எடு கைய! உன் காசு இங்க செல்லாது" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அடிக்கிற கையைத் தடுக்கலாம், அணைக்கிற கையை என்ன செய்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கும் முன்னால், பக்கவாசலில் கிளெக்கின் மனைவி மாவிஸ் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"மிஸஸ் ஹாவொர்த், ஒரு விஷயம் கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"உள்ள வாம்மா. பிள்ளைக்குக் குளிரப்போகுது."

"இல்ல, இங்கயே நிக்கிறேன். வெள்ளிக்கிழமையில அவருக்கு ஊத்தாதீங்க. சனிக்கிழமை காலையில கை நடுங்குது. பூட்ஸ் கயித்த நான்தான் கட்டி விடுறேன்."

எட்னா தெருப்பக்கம் கையைக் காட்டினாள். "நான் மாட்டேன்னு சொன்னா எதிர்த்த கடையில ஊத்துவான்மா. அங்கயும் இல்லன்னா அடுத்த கடை. இந்தத் தெருவுல எத்தன கடை இருக்குன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும்" என்றாள் மாவிஸ். "தெரிஞ்சுதான் கேக்க வந்தேன். வேற யார்கிட்டப் போய்க் கேக்கட்டும், சொல்லுங்க?"

எட்னா பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள். அவளால் அன்றைக்கு முடிந்தது அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணி. பப்பில் எள் போட்டால் எள் விழாது. ஒரே கூச்சல், புகை. வால்ட்டர் வழக்கம்போல, "எட்னா கண்ணு, நம்ம ராசாவுக்கு ஒண்ணு!" என்று கத்தினான். எட்னா பாட்டிலைக் கையில் எடுத்தபடி நிமிர்ந்தாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கிளெக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. சத்தமே இல்லை. தறிக்கூடத்தில் பேசுகிற பேச்சு, அம்மாவிடம் கற்றது.

'டீ இருக்கா?' என்று கேட்டான்.

எட்னா பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு சட்டென்று உள்ளே போனாள். மத்தியானம் போட்ட டீ, பால் விடாதது, கெட்டிலில் ஆறிக் கிடந்தது. காலி விஸ்கி பாட்டில் ஒன்றில் அதை ஊற்றி, கல்லாவுக்குக் கீழே வைத்தாள். கிளாஸில் ஊற்றினால் நிறம் அச்சு அசல். கிளெக் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொண்டை எரிகிறவன் போல முகத்தைச் சுளித்தான் பாருங்கள், நாடகத்தில் கூட அப்படி நடிக்கமாட்டார்கள். பப்பே கை தட்டியது. விஸ்கிக்கென்று அவர்கள் கொடுத்த காசை எட்னா தொடவில்லை. கல்லா மேல் இருந்த கண் தெரியாத குழந்தைகளுக்கான உண்டியலில் போட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டீதான். இறைச்சிக் கடைக்காரன் வாங்கிக் கொடுத்ததும் டீ, போர்ட்டர் வாங்கிக் கொடுத்ததும் டீ. டவுன் அணி ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. கோப்பைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஏறி, காலிறுதி வரைக்கும் வந்துவிட்டது. எட்னாவின் ஆயுசிலேயே சந்தோஷமான காலம் எது என்று கேட்டால் அந்தக் குளிர்காலத்தைத்தான் சொல்வாள். கல்யாண நாளைக் கூடச் சொல்லமாட்டாள். கிளெக் குடித்து முடித்ததும் உதடு அசையும். 'இன்னிக்கு ரொம்பக் கசப்பு' என்பான். 'சக்கரை போடவா?' என்று இவள் அசைப்பாள். சுற்றிலும் நூறு பேர், ஒருவனுக்கும் தெரியாது. ஒரு நாள் கடைத்தெருவில் மாவிஸ் எதிரே வந்தாள். எட்னாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

காலிறுதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஊரே ரயில்வேயில்தான் இருந்தது. கிளெக் டீயைக் குடித்தான். ஆனால் அன்றைக்கு யாரோ தோளைத் தட்டிவிட, அடியில் கொஞ்சம் மீதி நின்றுவிட்டது. வால்ட்டர் அந்தக் கிளாஸைக் கையில் தூக்கினான்.

"ராசாவோட எச்சில்! நாளைக்கு ராசிக்கு ஒரு சொட்டு நமக்கும் இருக்கட்டும்!"

"வேணாம் வால்ட்டர்" என்றாள் எட்னா, கையை நீட்டி.

அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டான். நாக்கைச் சப்புக்கொட்டினான். அவன் முகம் மாறியதை எட்னா பார்த்தாள். அவன் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. தாயிடம் அடி வாங்கிய பிள்ளை போல விழித்தான்.

"இது டீ" என்றான்.

முதலில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"வால்ட்டர், நான் சொல்றதக் கேளு" என்றான் கிளெக்.

"நான் வாங்கிக் குடுத்ததெல்லாம் டீயா? கரி சுமந்து, முதுகு ஒடிஞ்சு, வாராவாரம் ஆசையா வாங்கிக் குடுத்தேனேடா! எங்க விஸ்கி உனக்குக் கசக்குதா? பெரிய மனுஷன் ஆயிட்ட, இல்ல?"

"அப்படி இல்ல..."

"அவன் டீ குடிச்சுத்தான் ஜெயிச்சான்!" என்று எட்னா கத்தினாள். "இந்தக் குளிர்காலம் பூரா டீதான்! ஒரு ஆட்டம் தோத்தானா? ஒண்ணே ஒண்ணு? சொல்லுங்கடா!"

யார் காதில் விழுந்தது? ஊர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தபின் நியாயம் எங்கே நிற்கும்? "விஸ்கின்னு சொல்லி டீ வித்தியா?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. சிரில் ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வாய மூடு எட்னா. ஒருத்தன் போய் எழுதிக் குடுத்தான்னா லைசென்ஸ் போச்சு. நாளைக்கே நடுத்தெரு. ஊத்து. எல்லாரும் பாக்கப் புது பாட்டில உடைச்சு ஊத்து."

"நாளைக்குக் காலிறுதிய்யா!"

"ஊத்துடி, உன்னக் கும்பிடுறேன்."

அவள் மூடியைத் திருகினாள். வால்ட்டர் வாங்கிக் கொடுத்தான், சமாதானத்துக்கு. போர்ட்டர் வாங்கிக் கொடுத்தான், தனக்கும் கோபமில்லை என்று காட்ட. இறைச்சிக் கடைக்காரன், மணியடிக்கிறவன், ஆளுக்கொன்று. மன்னிப்பதற்கும் ஒரு கிளாஸ், மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு கிளாஸ். கிளெக் எல்லாவற்றையும் குடித்தான். கடைசிக் கிளாஸை எடுக்கும்போது அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

'பரவாயில்ல, மிஸஸ் ஹாவொர்த்.'

மறுநாள் ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது டவுனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கிளெக் ஓடி வந்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, பின்னால் நின்ற ரொட்டிக் கடையின் கூரையில் போய் விழுந்தது. கோப்பை அதோடு போயிற்று.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முந்தின நாள் வரிசையாக ஊற்றிய விஸ்கியால் கால் தடுமாறியது என்றா? பேஷ்! "டீ குடிச்ச கால் வேற எப்படி அடிக்கும்? ராசிய ஏமாத்தினா ராசி சும்மா விடுமா?" என்றார்கள். அதையும் எட்னாவின் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவள் காது படவே சொன்னார்கள். அவள் கிளாஸ் கழுவினாள்.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமைகளில் முத்திரை உடைக்காத பாட்டில், எல்லார் கண்ணும் அதன் மேல். கிளெக்கின் ஓட்டம் குறைந்தது, பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிறகு ஏதோ சின்ன அணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்டத்தை விட்டபின் ஊருக்கே திரும்பி வந்தான். ராசிக்கு வேலை இல்லாமல் போயிற்று, ஆனால் விஸ்கிக்கு இருந்தது. இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். "இவர் யாரு தெரியுமா? அப்பா இவருக்கு ஒரு விஸ்கி வாங்கித் தரப்போறேன், பாரு." மாவிஸ் ஒரு நாள் பிள்ளையோடு தன் அக்கா ஊருக்குப் போனவள் போனவள்தான். போகும்போது பக்கவாசலுக்கு வரவில்லை.

சிரில் செத்து, வாசல் நிலையில் தன் பெயர் ஏறியபின், எட்னா ஒரு தடவை துணிந்தாள். "உனக்கு இன்னிக்கு இல்ல, கெனி. வீட்டுக்குப் போ." அவன் சண்டை போடவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போனான். வெளியே வரும்போது பனியில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொரு தடவை, பழைய மாதிரி, கேட்காமலே டீயை ஊற்றி வைத்தாள். அவன் மோந்து பார்த்தான். கிளாஸை அவள் பக்கமே தள்ளினான்.

"இப்ப இது வேலைக்கு ஆகாது எட்னா" என்றான். அதை வாய்விட்டே சொன்னான். உதட்டை அசைக்கிற பேச்சு அவனுக்கு மறந்துவிட்டதோ, அல்லது மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதோ.

ஐம்பது வயது முடிவதற்குள் ஈரல் கெட்டுப்போய்ச் செத்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் ரயில்வேக்குத்தான் வந்தார்கள். வேறெங்கே போவார்கள்? எட்னா பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் ஊறுகாய் வெங்காயமும் அடுக்கி வைத்திருந்தாள். கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கண் கலங்கி, ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "நான் அவனுக்கு முதமுதல்ல வாங்கிக் குடுத்தது..." "என் கல்யாணத்தன்னிக்கு, இதே இடத்துல, நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்..." "ஒரு தடவ கூட மூஞ்சி சுளிச்சதில்லயே! தங்கமான பையன்." ஒவ்வொரு கதையிலும் ஒரு கிளாஸ். ஒவ்வொரு கிளாஸையும் எட்னாவுக்குத் தெரியும். கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஒருத்தனும் கெட்டவன் இல்லையே! அவனை வெறுத்தவன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் அவன் கழுத்தையாவது பிடித்திருப்பாள்.

சன்னலோரத்தில் கிளெக் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். வால்ட்டர் எழுந்தான். கரி சுமந்த முதுகு வளைந்துபோயிருந்தது.

"எட்னா கண்ணு" என்றான். "நம்ம ராசாவுக்கு ஒண்ணு ஊத்து. என் கணக்குல."

எட்னா அவனைப் பார்த்தாள். பாட்டிலைத் தொடவில்லை. உள்ளே போனாள். காலையில் போட்ட டீ கெட்டிலில் ஆறிக் கிடந்தது. கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து, காலி இடத்தில், சன்னல் கட்டையின் மேல் வைத்தாள். நிறம் அச்சு அசல். ஒருவரும் கவனிக்கவில்லை. வால்ட்டர் மட்டும் கிளாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு அதைத் தூக்கினான். பப் அடங்கியது. ஒரு வாய் குடித்தான். எட்னா கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வால்ட்டர் முகத்தைச் சுளித்தான், தொண்டை எரிகிறவன் போல. கிளாஸைத் திரும்ப வைத்தான்.

"நல்ல விஸ்கி" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

எவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கு! அன்றைக்கு, காலிறுதிக்கு முந்தின நாள், இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாதா பாவி? எட்னாவின் உதடு அசைந்தது, சத்தமே இல்லாமல், அதையேதான் கேட்டது. தறிக்கூடத்துப் பேச்சைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பப்பில் இப்போது ஒருவரும் இல்லை. யாரோ அடுத்த சுற்றுக்குக் குரல் கொடுத்தார்கள். அவள் பாட்டிலை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள்.